எரித்த வலைகளும் சிமியோனின் காலும்

குருநகர்,
20.2.1994

அன்புள்ள மகள் பெர்னடெட்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது. யேசுவின் இரக்கத்தால் நானும் அப்பாவும் ஓரளவு சுகம், கனடாக் குளிரில் நீயும் மக்டலீனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். அப்பாவுக்குத் தொய்வு இழுப்பு கொஞ்சம் குறைவு. பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை, ஊர்க்கதைக்கு மட்டும் ஒரு தட்டுப்பாடும் இல்லை. கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

எங்கள் ஊர் அறிவாளிகள் செய்த வேலையைக் கேள். வலை திருத்துகிற சிமியோனை உனக்கு ஞாபகம் இருக்கும். அவனும் வின்சன்றும் பன்னிரண்டு வருஷம் ஒரு வீட்டில் ஒன்றாக வாழ்ந்தது எல்லோருக்கும் தெரியும், வின்சன்ற் கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு தனியே இருக்கிறான். கார்த்திகையில் அவன் காலில் திருக்கை முள் ஏறியது. புண் ஆறவில்லை, காய்ச்சலும் சேர்ந்து ஆள் மெலிந்து போனான். உடனே நாலு வள்ளத்துச் சொந்தக்காரர் செல்வரட்ணம், ரேடியோவில் கேட்ட அரைகுறைச் செய்தியை வைத்துக்கொண்டு, உவன் உப்பிடிப்பட்டவன், உது எயிட்ஸ்தான், உவன்ரை கை பட்ட வலையைத் தொட்டால் எங்களுக்கும் வரும் என்று சொல்லிவிட்டார். ஒரு சோதனையும் இல்லாமல், திருக்கை முள்ளால் எயிட்ஸ்! சொன்னதோடு விட்டாரா, சிமியோன் திருத்திக் கொடுத்த தன் வலைகள் நாலையும் கடற்கரையில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார். நைலோன் நூல் ஒரு முழம் வர விடாத காலத்தில், விளக்குக்கே எண்ணெய் இல்லாத காலத்தில்! இப்போது அந்த வீட்டார் இரவல் வலைக்கு அலைகிறார்கள், எனக்குத் துளி இரக்கமும் வரவில்லை. சந்தி மருந்துக்கடைக்காரன் இன்னும் கெட்டிக்காரன். தை மாதம் ஒருநாள், என் கண்முன்னே, சிமியோனை வாசலில் நிறுத்தி, பஞ்சை ஒரு கம்பில் கட்டி நீட்டினான், நீயே துடை என்று.

அன்றைக்குத்தான் நீ தமிழில் எழுதி அனுப்பிய துண்டுப்பிரசுரத்தை வெளியே எடுத்தேன். அடுத்த நாள் மாதர் சங்கத்தில் எழும்பி நின்று வாசித்தேன். எயிட்ஸாகவே இருந்தாலும் தொட்டால் வராது, ஒரே கோப்பையில் தேநீர் குடித்தால் வராது, ஆணை விரும்புகிற ஆண் என்பதற்காக ஒருவனுக்கு மருந்து மறுப்பது அநியாயம் என்று நீ எழுதியதை ஒரு வரி விடவில்லை. செல்வரட்ணத்தின் மனைவி அற்புதராணி, உதெல்லாம் வெள்ளைக்காரருக்கு வாற வருத்தம், எங்கடை சனத்திலை ஆர் உப்பிடி இருக்கினம் என்றாள். அப்ப உன்ரை மனுசன் ஏன் வலையை எரிச்சவர் என்று கேட்டேன். பிறகு, இதை எழுதினது என்ரை மகள், அவளும் ஒரு பெம்பிளையோடைதான் குடும்பமாய் இருக்கிறாள், கேக்க விருப்பமில்லாதவை இப்பவே போங்கோ என்றும் சொல்லிவிட்டேன். பதினெட்டுப் பேரில் பதின்மூன்று பேர் போனார்கள். அவர்களில் பாதிப்பேரின் பிள்ளைகள் என் கையில் பிறந்தவை. இருந்தவர்களில் இரண்டு பேர் என்னோடு வந்தார்கள், மூவருமாய்ச் சிமியோனைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

நீ என்னை மெச்ச வேண்டாம் மகள். உன் பிரசுரம் கார்த்திகைக் கடைசியிலேயே வந்துவிட்டது. யாரும் கண்டால் உன்னைப் பற்றிக் கதைப்பார்கள் என்று வெட்கப்பட்டு அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தவள் நான். முப்பது வருஷம் மருத்துவிச்சி, புண் கட்டத் தெரியாதவளா? ஊரோடு ஊராக நானும் அவன் வாசலைக் கடந்துதான் போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்குத்தர் முகம் சுளிக்காமல் புண்ணைத் துப்புரவாக்கினார். ஒரு மாதம் முந்திக் கொண்டு வந்திருந்தால் ஒண்டும் வெட்டியிருக்கத் தேவையில்லை அம்மா என்றார். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். செல்வரட்ணத்தை எவ்வளவு திட்டினாலும் அந்த விரல்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். மாதா உங்கள் இருவரையும் ஒரு குடும்பமாகக் காத்துக்கொள்வாளாக. இன்னும் ஐம்பது பிரசுரம் எப்படியாவது அனுப்பு, மறக்காதே. முதல்முறை நீ அதை அடிக்க முந்தி, பெயர் போடாதே என்று உனக்கு எழுதியவள் நான்தான். இந்த முறை உன் பெயரைப் பெரிய எழுத்தில் அடி. அதற்குக் கீழே லூர்த்தம்மா, மருத்துவிச்சி, குருநகர் என்றும் போடு, புண் கட்ட வேண்டியவர்கள் வீடு தேடி வரட்டும்.

உங்கள் இருவருக்கும் முத்தங்களுடன்,
அம்மா