பாதியில் நின்ற புலியின் கையொப்பம்

3 திசம்பர் 1981, வியாழன்

விடியலிலிருந்து தூறல். எதிர்மேட்டுத் தேயிலை கண்ணுக்கே தெரியவில்லை. ஞாயிறன்று பிரிஞ்சாங் ஊர் மண்டபத்தில் தமிழ் மன்ற ஆண்டுவிழா. என் உரை ஒரு மணி நேரம். குறிப்பு ஒரு வரிகூட எழுதவில்லை.

நாளை மகள் யாழினி வருகிறாள். ஈப்போவில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிப்பவள். பத்து வயது. பள்ளி விடுமுறை.

வேண்டியவை: அதிமதுரம், மைக்கூடு, அவளுக்குக் கம்பளிச் சட்டை.

பழைய கம்பளிச் சட்டை தேடப் பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்த வெள்ளைத் தலையணை உறை. சென்ற ஆண்டு மனைவி, மகளோடு மூவரும் கப்பலில் சென்னை சென்றபோது, மாலைதோறும் ஊழியர்கள் வேடமிட்டு மேல்தளத்துக்கு வருவர். வேடத்தின் பெயரிலேயே கையொப்பம் இடுவர். யாழினி உறையில் வாங்கிச் சேர்த்தாள். முதலை. கடலரசன். குரங்கு. நான்காவதாகப் ‘பு’ என்று ஓர் எழுத்து மட்டும்.

அந்த இடத்தில்தான் நான் குறுக்கிட்டேன். பொய்ப்பெயரில் ஒப்பமிடுவது பிள்ளைக்குப் பொய்யைப் பழக்குவது என்று முழங்கினேன். புலித்தலையைக் கழற்றச் செய்தேன். உள்ளே, காலைதோறும் எங்களுக்குத் தேநீர் கொண்டுவரும் பணியாளர். முகமெல்லாம் வியர்வை. சொந்தப் பெயரைத் தலைகுனிந்து சொன்னார். சுற்றி நின்றோர் கைதட்டினர்.

யாழினி தட்டவில்லை. உறையை மடித்துக்கொண்டாள். அன்று முதல் நான் எது கேட்டாலும் ‘ம்’ ஒன்றுதான் விடை.

4 திசம்பர், வெள்ளி

மூடுபனி. பேருந்து தாமதம். வளர்ந்திருக்கிறாள். கம்பளிச் சட்டையின் கை மணிக்கட்டை எட்டவில்லை.

“வழியில் குளிர்ந்ததா, அம்மா?”

“ம்.”

அடுக்களையில் தாயிடம் ஓயாத பேச்சு. பெரியம்மா வீட்டுப் பூனை, வகுப்புத் தோழியின் புதுச் சைக்கிள். நான் நுழைந்ததும் நின்றது. தண்ணீர் குடிக்க வந்தவன்போல் குடித்துவிட்டு வந்தேன்.

மனைவி தேன்மொழி பின்னாலேயே வந்தாள். “ஏங்க, மேடையில பேசுற மாதிரியே அவகிட்டயும் பேசுறீங்க. புள்ள என்ன கூட்டமா?”



5 திசம்பர், சனி

மு.ப. 11, மண்டபம். ஒலிபெருக்கி சரியில்லை. நாற்காலி போதும்.

விழாவில் புலியாட்டம் உண்டு. ஆடுபவர் மாணிக்கம், பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டுபவர். தலை முதல் கால்வரை மூடும் முழு உடை. தனியே அழைத்தேன். நாளை என் மகள் வந்தால் எக்காரணம் கொண்டும் தலையைக் கழற்றவேண்டாம் என்றேன்.

சிரித்துவிட்டார். “கப்பல்ல புலி முகத்தைக் கழட்ட வச்சது ஐயாதானே? மேடைக்கு மேடை அதைத்தானே சொல்லிக் கைதட்டு வாங்குறீங்க.”

உண்மை. ஓராண்டாகச் சொல்லி வருகிறேன். இரண்டு கூட்டங்களில் யாழினியே முன்வரிசையில் இருந்தாள்.

“உள்ள வெந்துரும், ஐயா. அரை மணி தாங்கறதே பெருசு லா.”

“தாங்குங்கள், மாணிக்கம். கெஞ்சிக் கேட்கிறேன்.”

“பேரு கேட்டா?”

“புலி என்று சொல்லுங்கள்.”

வீடு வந்து, உறையை யாழினியின் படுக்கையில் வைத்தேன். மாலையில் பார்த்தேன், அங்கே இல்லை. எடுத்தாளா, எறிந்தாளா?

6 திசம்பர், ஞாயிறு

வெயில். இந்த மாதத்தில் முதல் வெயில்.

உரை. கப்பல் கதை வழக்கமாக வரும் இடம் வந்தது. தண்ணீர் குடித்தேன். அடுத்த செய்திக்குப் போனேன். இறங்கியதும் மன்றத் தலைவர், “என்னங்க ஐயா, புலிக் கதையைக் காணோம்? கூட்டம் அதுக்குத்தானே உக்காந்திருந்துச்சு” என்றார். தொண்டை சரியில்லை என்றேன்.

ஆட்டம் முடிந்தது. மண்டபத்தின் பின்புறம், முட்டைக்கோசுப் பெட்டிகளுக்கு அருகில் புலி. மூச்சு வாங்குகிறது. புலித்தலை கழற்றாமலே இருந்தது. நல்ல மனிதர்.

யாழினி எதிரே நின்றாள். பைக்குள் கை. என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

“அப்பா, அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.”

ஓராண்டில் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

திரும்பினேன். பாசி படிந்த சுவர். ஒரு குழாய், சொட்டுகிறது. பின்னால் துணி விரியும் ஓசை.

“உங்க பேரு?”

உறுமல்.

சிரித்தாள். அந்தச் சிரிப்பை முகத்தோடு பார்க்க எவ்வளவு ஆசை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

“கப்பல்ல பாதியிலயே நின்னுடுச்சு. மிச்சத்தை எழுதுங்க. அப்பா, இன்னும் திரும்பாதீங்க.”

நின்றேன்.