இம் என்றால் காடாம்

நவம்பர் 12, செவ்வாய்

காலை எழுந்ததும் பாஸ்போர்ட் படிவத்தில் வழக்கம்போல என் பெயருக்குப் பின்னால் கணவரின் பெயரை, ரகுநாதன் என்று எழுதினேன். அவர் என்னையும் மகளையும் கைவிட்டுப் போய் ஆறு வருடம்.

நான் பதிவு வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்குப் புதிதாக வந்த கொரியப் பெண்ணை அவளுடைய கணவரின் குடும்பப் பெயரில் பதிந்துவிட்டேன். “அவரோடு வாழ்கிறேன், பெயர் என்னுடையதுதான். நான் இம்,” என்று சிரித்தாள். இம் என்றால் காடாம். அதே குடும்பப் பெயரை அவளுடைய அண்ணன் ஆங்கிலத்தில் லிம் என்று எழுதுகிறாராம். கலியாணம் கட்டினாலும் கொரியப் பெண்கள் பெயரை மாற்றுவதில்லையாம். எனக்கு முகம் சுட்டது.

பின்னேரம் மகள் கேட்டாள்: “அம்மா, ஃபோர்ம் அனுப்பிட்டீங்களோ?”

“நாளைக்கு அனுப்புறன் பிள்ளை.”

அவளும் ரகுநாதன்தான்; நான் மாற்றினால் எங்கள் இருவருக்கும் வேறு வேறு பெயராகிவிடும். அதுதான் நித்திரை வரவில்லை. ஆனாலும் படிவத்தைக் கிழித்துவிட்டேன். புதியதில் என் அப்பாவின் பெயரை எழுதப்போகிறேன்.