யாரு பேருக்குங்க?

ஜனவரி 6, செவ்வாய்

உருளைச் செடி மொத்தமும் உறைபனியில் கருகிவிட்டது. கிழங்கு இன்னும் கோலிக்குண்டு அளவுதான். இந்த வருஷத்துக்கு எங்களுக்கு இருந்ததே அது ஒன்றுதான்.

மேல்வீட்டு விஜயபாஸ்கர் தோட்டம் மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கிறது. வெயில் ஏறுமுன் தண்ணீர் பீய்ச்சிப் பனியைக் கழுவிவிடுகிறார். ஓடை ஊருக்கே பொது. அதில் இறக்கியிருக்கும் மோட்டார் மட்டும் அவருடையது. எங்கள் பக்கம் வந்து சேர்வது வெறும் ஈரம்.

"உடு விஜயா, அடுத்த போகத்துல பாத்துக்கலாம்" என்கிறார் இவர், என் வீட்டுக்காரர். எங்கள் வீட்டிலேயே ஒரு புத்தர்.

ஜனவரி 9, வெள்ளி

முருகன் கோயிலில் எனக்கு முன்னால் அவர். பட்டு வேட்டி, தட்டு நிறைய ஆப்பிள். பூசாரி நஞ்சப்பன் கேட்குமுன்பே முழங்கினார்: "விஜயபாஸ்கர், கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி!" முருகனுக்குக் காது மந்தம் என்று நினைப்பு. இருந்தாலும் இருக்கும். செவ்வாய் தவறாமல் விரதமிருக்கிற என் குரல் இதுவரை எட்டவில்லையே.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கலுக்கு மேல்வீட்டில் புதுக் கார். சிவப்பு. நேற்று மூன்று தடவை கழுவினார். தண்ணீருக்கா பஞ்சம்?

நாங்களும் பொங்கல் வைத்தோம். சூரியனைக் கும்பிடும்போதுதான், பனி விழுந்த செடியைப் பொசுக்கியதே இந்தச் சூரியன்தானே என்று ஞாபகம் வந்தது.

ஜனவரி 24, சனி

சிவப்புக் கார் ஊட்டிக்குப் போனது. இருட்டுமுன் திரும்பிவிட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம்.

சிரிப்பதா, அழுவதா?

வரிசையில் நின்ற நேரமெல்லாம் முருகனிடம் கேட்க வேண்டியதை அடுக்கிக்கொண்டே போனேன். மோட்டார், ஓடை, கார், பட்டு வேட்டி. நஞ்சப்பன் தட்டை வாங்கி, "யாரு பேருக்குங்க?" என்றார்.

"விஜயபாஸ்கர், கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி."

என் வாய்தான். என் வாயேதான்!

பின்னால் நின்ற அன்னக்கிளி அக்கா, "ஏம்புள்ள, உம்பட ஊட்டுக்காரரு பேரு பாண்டியன்தான?" என்றாள். அதற்குள் நஞ்சப்பன் மந்திரம் தொடங்கிவிட்டார். தேங்காய் என்னுடையது, அருள் அவருக்கு. அது ஒன்றுதான் அவருக்குக் குறையாக இருந்தது.

தீபாராதனைக்கு எல்லோரும் கண்ணை மூடினார்கள். மூட எனக்குப் பயம் — மூடினால் சிவப்புக் கார் வந்து நிற்கும். அதனால் முருகனைப் பார்த்தேன். சாமியை நேராகப் பார்த்து எத்தனை நாளாயிற்று? விழித்ததும் நினைத்தது யாரை? படுக்கும்வரை பேர் சொன்னது யாரை? கேட்டை நட்சத்திரம்வரை மனப்பாடம் ஆகுமளவுக்கு நான் கும்பிட்டது யாரையடி?

வெட்கமாக இருந்தது. அழுதுவிட்டேன். அந்த மனுஷன் எடுத்தது ஓடைத் தண்ணீரைத்தான். மிச்சத்தையெல்லாம் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஓடைத் தண்ணீருக்கு முறை வைக்கச் சொல்லி, நாலு வீட்டுக்காரர்களாகப் போய்ப் பேரூராட்சியில் மனுக் கொடுத்தோம். பார்க்கிறார்களாம். பார்ப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

பகல் முழுக்க விதைக்கிழங்கு ஊன்றினோம். இடுப்பு இனி என்னோடு பேசாது.

சாயங்காலம் கோயில். நஞ்சப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னைக்கு யாரு பேருக்குங்க?" என்றார்.

"சாமி பேருக்கே பண்ணுங்க."

திரும்பும்போது இவர் கேட்டார்: "மேலூட்டு வாசல்ல இன்னொரு புது வண்டி நிக்குதே, பாத்தியா?"

"இல்லீங்களே" என்றேன்.

பகல் முழுக்க அந்த வாசலுக்கு நேர் கீழேதான் கிழங்கு ஊன்றிக்கொண்டிருந்தேன்.