ஆயுதபூஜைக்கு அணைத்த சர்வர்

எப்போது கூப்பிட்டாலும் போனை எடுத்துவிடுகிற என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

இதற்கு நீ பதில் சொல்ல வேண்டாம். இந்த ஒரு தடவையாவது சும்மா இரு.

நீ போனபோது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. நம் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் கரண்ட் போய் வந்தால் சர்வர் எழுந்துவிடும், அதற்குள்ளே இருக்கிற கன்டெய்னர்கள் எழாது. முதலில் டேட்டாபேஸ், அப்புறம் லாரி எடை, அப்புறம் பில் என்று நீதான் வரிசையாகக் கிளப்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறுகிற கையில் போனைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல டேட்டாபேஸ ஏத்துடி, அவசரப்படாத" என்றாயே, அதை எப்படி மறப்பேன்?

செவ்வாப்பேட்டைக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். "கன்டெய்னருன்னா காட்டுப்பள்ளி ஹார்பருக்குப் போற லாரிதானம்மா? அத்த எதுக்கு எம்பொண்ணு படுத்துக்கினே பாக்கணும்?" என்று கேட்டார். ஒரு புரோகிராமை, அதற்கு வேண்டியதெல்லாம் சேர்த்து ஒரு பெட்டிக்குள் போட்ட மாதிரி ஓட்டுவது என்று விளக்கினேன். ஏன் படுத்துக்கொண்டே பார்க்க வேண்டும் என்பதை மட்டும் விளக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். அடக்கம் முடிந்த மறுநாளே ஆபீஸில் உன் லாகினை மூடிவிட்டார்கள். எல்லா கன்டெய்னரும் உன் லாகினில்தான் ஓடுகிறது, அதனால்தான் திரையில் 'லாக் அவுட் செய்யாதே' என்று ஒட்டி வைத்திருந்தாய் என்பது யாருக்கு நினைவிருந்தது? எல்லாம் ஒரேயடியாகப் படுத்துவிட்டன. எடைமேடையில் ஏறிய லாரி அங்கேயே நிற்க, பின்னால் சாலை வரைக்கும் வரிசை. மேனேஜர் குதித்தார்.

"ஸ்டெல்லா இருந்தா இப்டி ஆவுமா?"

"அவங்க லாகின மூடுனதே நீங்கதான் சார்."

"செரி, இனிமே நீ பாத்துக்கோ. போன் மட்டும் எப்பவும் ஆன்ல இருக்கணும்."

"முடியாது சார். மெஷினே பாத்துக்கும்."

சொல்லிவிட்டேன் அக்கா. உட்கார்ந்து ஒவ்வொரு கன்டெய்னரையும் சிஸ்டம் சர்வீஸாக மாற்றினேன். ஒன்றுக்கு ஒரு சின்ன ஃபைல், அவ்வளவுதான். மெஷின் எழுந்ததும் நீயும் எழு, டேட்டாபேஸ் தயாராகும்வரை பொறு, விழுந்தால் நீயே எழுந்துகொள், யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓடு. இதைச் செய்ய உனக்கு ஒரு வாரம் ஒதுக்கிக் கொடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லையே!

ஆயுதபூஜை வந்தது. வழக்கம்போல எல்லா மெஷினையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார்கள், சர்வருக்கும்தான். கற்பூரம் காட்டி மறுபடி போட்டதும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வருஷா வருஷம் நீ பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடுவாயே, நான் ஓடவில்லை. வேண்டுமென்றே அவர்கள் எதிரிலேயே நின்று பொரி தின்றேன். உள்ளே பயம்தான், ஆனாலும் வாய் மென்றுகொண்டே இருந்தது. டேட்டாபேஸ் எழுந்தது. எடை எழுந்தது. பில் பிரிண்டர் தானாக முனகத் தொடங்கியபோதுதான் எனக்குப் பொரியின் ருசியே தெரிந்தது.

மேனேஜருக்கும் சந்தோஷம். "அந்த சர்வீஸுக்கெல்லாம் ஸ்டெல்லா பேரே வெச்சிடும்மா, ஞாபகமா இருக்கும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். மாட்டேன் என்றேன். கரண்ட் வரும்போதெல்லாம் உன்னை எழுப்பி வேலைக்கு அனுப்பவா?

திரையில் நீ ஒட்டியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், அந்த ஆபீஸில் இனி யாரையும் நோய்ப் படுக்கையில் போன் எடுக்க விடமாட்டேன், என்னையும் சேர்த்துத்தான். நீ நிம்மதியாக லாக் அவுட் செய் அக்கா. எதுவும் நிற்காது.

போனை அணைத்து வைத்துவிட்டு,
உன் கூடப் பிறக்காத தங்கச்சி
ரேவதி