மலை ஓட்டிய ஆட்டோ

தர்சினி அப்பாவுக்கு,

நாட்டின் சட்டத்துக்கே நேற்று கோர்ட்டில் நீங்கள் புது விளக்கம் கொடுத்தீர்கள். குடித்திருந்தாலும், எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் ஆட்டோவை உருட்டினால் அது ஓட்டுவது ஆகாதாம். "நான் ஓட்டலைங்க ஐயா, நமுனுகுல மலைதான் ஓட்டுச்சு." நீதவான் ஒரு வருடத்துக்கு லைசன்ஸை நிறுத்திவிட்டார்.

ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். ஆட்டோ சாவியைத் தேடாதீர்கள், என்னிடம் இருக்கிறது. நான் மறுபடியும் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறேன். ஆட்டோ வாங்கிய அன்று, இனி வேண்டாமென்று என் கூடையை அடுப்பில் போட்டீர்களே, ஞாபகமா? இன்று பக்கத்து லயத்து வீட்டில் ஒன்று இரவல் வாங்கினேன்.

அம்மா மறுபடியும் கூடை தூக்கிவிட்டாள் என்று தர்சினியிடம் நீங்களே சொல்லுங்கள். எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று: கோர்ட்டில் ஏன் சிரித்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பொலிஸ் உங்களை மறித்தது ஏற்றத்தில்.