லேபிள் ஒட்டாத கேசட்

மந்தைவெளி,
14.6.1996

அன்புள்ள அத்தானுக்கு வைரவன் வணக்கம். மஸ்கட்டில் வெயில் எப்படி என்று விசாரிக்க வேண்டும். அந்த மனநிலையில் நான் இல்லை.

அக்கா என் வீட்டில்தான் இருக்கிறாள். தி. நகரிலிருந்து உங்கள் அம்மா அவளைப் பெட்டியோடு ஆட்டோ ஏற்றி அனுப்பி நாற்பது நாள் ஆகிறது. ஒரு வருஷமாக ரத்தப்போக்கு என்று உங்களுக்கும் எழுதியிருந்தாளே, அது கருப்பை வாயில் கட்டி. அந்த இடத்தில் அபூர்வமாகத்தான் வருமாம். புற்றுநோய் இல்லை என்றார் அடையாறு டாக்டரம்மா. வயிற்றைக் கிழிக்காமல், கேமரா வைத்த குழாயைக் கீழ்வழியாக விட்டே எடுத்தார். கருப்பை பத்திரம், குழந்தை பெறலாம் என்றார். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதுதான் வினை. உங்கள் அம்மா அக்காவின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "தையல் இல்ல, தழும்பு இல்ல. கத்தி படாம கட்டிய எடுத்தாளாம்! எம்மவன் போயி பதினாலு மாசமாச்சு. எதக் கலைச்சிட்டு வந்தாளோ?" என்று தெருவே கேட்கக் கத்தினார். ரிப்போர்ட்டைக் காட்டினேன். "காயிதத்துல எவனும் எதையும் எழுதுவாம்ல" என்றார்.

நீங்களாவது நம்புவீர்கள் என்று நினைத்தோம். அந்தக் கேமராவில் தெரிந்ததை வீடியோ கேசட்டில் பதிந்து வாங்கியிருக்கிறேன் என்று எழுதினேன். அந்த ஆபரேஷன் கேசட்டை அனுப்பு, பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று எழுதினீர்கள். அதைப் படித்து அக்கா அழவில்லை. "அனுப்பிடுடா" என்றாள். அவ்வளவுதான்.

அத்தான், அந்தக் கேசட் இல்லை. நான் அழித்துவிட்டேன்.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கேபிள் டிவி நடத்துகிறவன் நான். காலிக் கேசட் கொடுத்தால் ஆபரேஷனைப் பதிந்து தருகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், கொடுத்தேன். வாங்கி வந்தபின் லேபிளில் என்ன எழுதுவது? அக்கா பெயரையும் எழுதி அந்த இடத்தின் பெயரையும் எழுதக் கை கூசியது. ஒன்றும் எழுதாமல் அலமாரியில் வைத்தேன். பிறகு நானே காலி என்று எடுத்து அதன்மேல் கிரிக்கெட் மேட்ச் பதிந்தேன். கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை உடைத்திருந்தால் மேலே எதுவும் பதியாது, அழிந்திருக்காது. தினம் பத்துக் கேசட்டுக்கு உடைக்கிற கை இது. கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிட்டேன், மேட்ச்தான் இருக்கிறது. டாக்டரம்மாவிடம் வேறு பிரதி கிடையாது.

அக்காவிடம் அனுப்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் நிற்கிறாள். "அத்தான் பாத்திருப்பாராடா?" என்று நேற்றும் கேட்டாள். பாத்திருப்பாரு என்றேன்.

என்னைச் செருப்பால் அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அவளுக்கு மட்டும், பார்த்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அது பொய்தான். அந்தக் கேசட்டில் இருந்தது பொய் இல்லை. எழுதுவீர்களா அத்தான்?

உங்கள் மைத்துனன்,
வைரவன்