பின்னறைக்கு எட்டாத சிக்னல்

மார்ச் 3

இன்றும் வீடியோ பயிற்சி பாதியில் நின்றது. பேச்சுப் பயிற்சி தரும் பெண், "சார், வாயை நல்லாத் திறங்க" என்றாள். திரையில் அப்படியே உறைந்துபோனாள். இவர் திறந்த வாயை மூடாமல் காத்திருந்தார். நான்தான் தாடையைத் தாங்கி மூடிவிட்டேன். முப்பது வருடம் கணக்கு வகுப்பை அதிரவைத்த வாய்.

பக்கவாதம் வந்து ஏழு வாரம். முதல் சில மாதங்களை விட்டால் பேச்சு வருவது கஷ்டம் என்கிறாள் அந்தப் பெண். பின்னறைக்கோ சிக்னல் எட்டவில்லை. புது ரவுட்டர் வாங்கியே ஆக வேண்டும்.

மார்ச் 5

கடையில் ஒரு சுவர் முழுக்க ரவுட்டர்கள், கொம்பும் கொம்புமாக. கடைக்காரர் சொன்னார்: "ரெண்டு அலை இருக்கும்மா. ஒண்ணு வேகமா ஓடும், சுவரைத் தாண்டாது. இன்னொண்ணு தாண்டும், ஓடாது. உங்க வீட்ல எத்தனை சுவர்?"

மூன்று. ஏன் அவரைக் கடைசி அறையில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நல்லவேளை.

தம்பிக்கு போன் செய்தேன். "கண்ணை மூடிட்டு இருக்கிறதுலயே பெரிசா வாங்குக்கா." ஆறு கொம்பு உள்ளதை வாங்கிவிட்டேன்.

மார்ச் 6

பழையதைவிட மோசம்.

மார்ச் 7

இணைப்பு பார்க்கும் ஆள் வந்தார். "ரவுட்டர் எங்கம்மா?" பீரோவைத் திறந்து காட்டினேன். சேலைகளுக்கு மேல் பத்திரமாக இருந்தது. பின்பக்க ஓட்டை வழியாக வயர். இந்த வீட்டில் விலை கூடிய எதையும் வெளியே வைத்துப் பழக்கமில்லை.

சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். "இரும்புக்குள்ள பூட்டி வச்சா அது என்னம்மா பண்ணும், பாவம்!"

வெளியே எடுத்து வைத்தார். கூடத்தில் பிரமாதம். பின்னறையில் ஒரே ஒரு கோடு. "பழசே போதும்மா. சாரைக் கூடத்துக்குக் கொண்டுவந்துடுங்க."

அதெப்படி? வர்றவங்க போறவங்க எல்லாம் பார்ப்பாங்களே!

மார்ச் 8

இவர் கூச்சப்படுவார் என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். இவரைக் கேட்டேனா? கோணிய வாய், வழியும் எச்சில் — கூச்சம் யாருக்கு? எனக்குத்தான். எழுதவே அருவருப்பாக இருக்கிறது, என்மேல்.

மார்ச் 10

தம்பி வந்து கட்டிலைக் கூடத்தில் போட்டான். புது ரவுட்டர் கடைக்கே திரும்பிப் போயிற்று. பழையது தலைமாட்டு ஜன்னல் மேல். கட்டிலை ஒட்டி ஒரு திரைச்சீலையும் கட்டச் சொன்னேன். தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான், கட்டினான்.

மார்ச் 21

பயிற்சி ஒருநாளும் நிற்கவில்லை. 'தண்ணி' சொல்லித் தருகிறாள். 'த'வோடு நிற்கிறது.

ஏப்ரல் 2

மாலையில் இவருடைய பழைய மாணவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். தலை நரைத்துவிட்டது அவருக்கும். "சார் இருக்காருங்களா?" என் கை தானாகத் திரைச்சீலைக்குப் போயிற்று. பாதி இழுத்து மூடிவிட்டேன்.

"வே…ணாம்."

இவர்தான். ஏழெட்டுத் தடவை வாயசைத்து, எச்சில் வழிய, என்னைப் பார்த்து.

திரையை முழுக்கத் தள்ளிவிட்டு, வந்தவருக்குக் கட்டிலருகே நாற்காலி எடுத்துப் போட்டேன்.